கத்தரிக்காய்க்குப் போட்ட ஊசி

எங்கள் வீட்டில் ஒரு வருடம் முழுக்கக் கத்தரிக்காய்தான் நோயாளி. செங்கல்பட்டு நகராட்சிப் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு படித்த காலம் அது, தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி, எங்களோடு தங்கி நர்சிங் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். பழகுவதற்கு ஊசிக்குக் கை நீட்டும் தியாகிகள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. அதனால் சாயங்காலமானால் காய்கறிக் கூடையருகே உட்கார்ந்து, சிரிஞ்சில் தண்ணீரை ஏற்றி, ஒரு கத்தரிக்காயைப் பஞ்சால் துடைத்து, "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கங்க" என்று அதனிடம் சொல்லிவிட்டுக் குத்துவாள். காய் பொறுத்துக்கொள்ளும்.

அம்மாதான் பொறுக்கமாட்டாள். "ஏண்டி, சாம்பார்ல போட்டா சொதசொதன்னு கீதுடி!" என்று கத்துவாள். மாமல்லபுரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அப்பா வீட்டுக்குள் நுழையும்போதே, "இன்னிக்கி எத்தினி பேரு பொழைச்சாங்க?" என்று விசாரிப்பார்.

இத்தனை சிரிப்புக்கு நடுவில் ஒரு பயமும் இருந்தது. மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்த்த, அம்மாவின் அப்பாவான தாத்தாவுக்கு, வயசுப்பெண் ஊரார் உடம்பைத் தொட்டுப் படிக்கும் படிப்பு துளியும் பிடிக்கவில்லை. அம்மா மூன்று முறை போய்ச் சண்டை பிடித்துத்தான் தங்கையை அழைத்துவந்தாள். "ஒரே ஒரு கம்ப்ளைண்ட் வரட்டும், அன்னிக்கே மூட்டை கட்டிகினு வந்துடணும்" என்று சொல்லித்தான் தாத்தா அனுப்பியிருந்தார். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நர்சிங் பள்ளியும் எங்கள் பள்ளியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. எங்கள் பள்ளியில் தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் முட்டி பெயர்ந்ததற்கும் அதுவரை ஒரே வைத்தியம், தலைமையாசிரியையான பெரிய டீச்சர் அறையிலிருந்த பானைத் தண்ணீர். இனிமேல் செவ்வாய்க்கிழமைதோறும் நர்சிங் மாணவிகள் வந்து பிள்ளைகளைப் பார்ப்பார்கள் என்று பிரேயரில் அறிவித்தார்கள். முதல் வாரமே சித்தியின் முறை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கணக்கில் வராத மதிப்பெண்களை எல்லாம் வாயால் ஈடுகட்டுகிறவள் நான். திங்கட்கிழமை இடைவேளையில், "எங்க சித்தி நாளைக்கி வருது. ஒரே ஆளுக்கு முப்பது ஊசி போடும், தெரியுமா?" என்று எடுத்துவிட்டேன். அந்த ஆள் ஒரு கத்தரிக்காய் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேன் என்று இப்போது எழுத வசதியாக இருக்கிறது. சொன்னால் சித்தியின் மதிப்பும் அதோடு என் மதிப்பும் குறையும் என்றுதான் விட்டேன்.

சத்துணவுக்கு உட்காரும்போது முப்பது ஐம்பதாகியிருந்தது. கடைசி மணி அடிக்கும்போது ஊசியின் நீளம் ஒரு அடி ஸ்கேலைத் தொட்டுவிட்டது. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடமே வந்து, அது முதுகு வழியாகப் போய் வயிறு வழியாக வருமாமே என்று கேட்டான். நான் மறுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பிரேயர் முடிந்த நேரம். நீலப் புடவையும் வெள்ளைக் கோட்டுமாகச் சித்தியும் அவள் தோழியும், அவர்களுக்குப் பாடம் எடுக்கும் மேடமும் ஒரு தகரப்பெட்டியோடு கேட்டுக்குள் நுழைந்தார்கள். நான் கையை ஆட்டினேன். எனக்குப் பின்னால் என் வகுப்பு குமார், "ஊசி வந்துட்ச்சி, ஓடுங்கடா!" என்று அலறினான். பின்பக்கத்துச் சுவர் பாதி இடிந்து கிடந்தது. அதைத் தாண்டினால் கொளவாய் ஏரிக்கரை. மூச்சு விடுவதற்குள் மைதானம் காலி. செருப்புகளும் பல்பங்களும் அழுதுகொண்டிருந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளும் நானும்தான் மிச்சம்.

பெரிய டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாம்மா இது? நீங்க வராத வரிக்கும் புள்ளைங்க ஒழுங்காத்தானே இருந்துதுங்க? ஏரில எதுனா வுழுந்து தொலைச்சா யாரு பதில் சொல்றது? மதியம் மணி அடிக்கறதுக்குள்ள அத்தினி பேரும் க்ளாஸுக்கு வரலைன்னா, உங்க ஸ்கூலுக்கு கம்ப்ளைண்ட் எழுதி அனுப்பிடுவேன்" என்றார். வாத்தியார்கள் இரண்டு பேரைக் கரைக்கு விரட்டிவிட்டு, சொன்னபடியே மேஜையில் காகிதத்தையும் எடுத்து வைத்தார். தாத்தா சொன்ன அந்த ஒரே ஒரு கம்ப்ளைண்ட் அதுதான்.

மேடம் சித்தியைப் பார்த்தார். சித்தி என்னைப் பார்த்தாள். பெட்டியில் ஊசியே இல்லை, எடை மெஷினும் உயரம் அளக்கும் டேப்பும் கண் பார்க்கும் அட்டையும்தான் என்பது எனக்கு முந்தின நாள் ராத்திரியே தெரியும். வீட்டில் நான்தான் அடுக்கிக் கொடுத்திருந்தேன். சித்தி திட்டவில்லை. கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி என் காதில் மாட்டி, வட்டத் தகட்டை என் நெஞ்சில் வைத்தாள். உள்ளே தடதடவென்று அடித்தது.

"கேக்குதா?"

"கேக்குது சித்தி."

"இத்த எடுத்துகினு போ. நீ சொன்னா எல்லாரும் கேப்பாங்க" என்றாள்.

அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரையில் என்னைக் கண்டதும் பாதிப் பேர் பனைமரங்களுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். வாத்தியார்கள் பிரம்போடு ஒரு பக்கம் வந்தால் பிள்ளைகள் இன்னொரு பக்கம் ஓடினார்கள். "ஊசி கத்தரிக்காய்க்குடா! மனுசனுக்கு இல்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவரும் நம்பவில்லை. பொய்யை நொடியில் நம்பியவர்கள் உண்மைக்குச் சாட்சி கேட்டார்கள். வேறு வழியில்லாமல் குமாரைத் துரத்திப் பிடித்து, சட்டையைப் பற்றிக்கொண்டு, ஸ்டெதாஸ்கோப்பை அவன் காதில் மாட்டி, தகட்டை அவன் நெஞ்சில் அழுத்தினேன். பள்ளியிலிருந்து ஓடிவந்த நெஞ்சு அது. திமிறிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"தே... உள்ள யாரோ ஓடிகினு கீறாங்கடீ!"

"அது நீதான்டா" என்றேன்.

"எனுக்கு?" என்று ஒரு குரல். "எனுக்கு, எனுக்கு" என்று பத்துக் குரல். பனைமரங்கள் ஒவ்வொன்றாகப் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுத்தன. நான் சட்டென்று அதைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். "ஸ்கூலுக்கு வந்தாத்தான் கேக்கலாம். லைன்ல வரணும்" என்றேன். அந்த அதிகாரம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. பிரம்புக்கு மசியாத கூட்டம், ரப்பர் குழாய் தொங்கிய என் கழுத்தைப் பார்த்தபடி கரைமேல் வரிசையாக நடந்தது. வரிசையின் கடைசியில் இரண்டு வாத்தியார்களும் வந்தார்கள். இடிந்த சுவர் வழியாக வேண்டாம், கேட் வழியாகவே போவோம் என்று நான்தான் சொன்னேன். யாராவது பார்க்க வேண்டாமா? மதிய மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மொத்தப் பள்ளியும் கேட்டுக்குள் நுழைந்தது. சித்தி வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அன்று எல்லோருடைய இதயத்தையும் எல்லோரும் கேட்டார்கள். அந்தச் சாக்கிலேயே எடை பார்த்தார்கள், உயரம் அளந்தார்கள், காது பார்த்தார்கள். கரும்பலகையில் எழுதுவதை எல்லாம் தப்பாகவே எழுதி அடிவாங்கிக்கொண்டிருந்த குமாருக்கு அட்டையில் மூன்றாவது வரிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை என்று சித்தி கண்டுபிடித்தாள். அடுத்த மாதமே கண்ணாடி வந்துவிட்டது. கடைசியாகப் பெரிய டீச்சரே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். பிரஷர் ஏகத்துக்கு இருந்தது. புகார் எழுத எடுத்த காகிதத்தில் சித்தி எழுதிக் கொடுத்தது, அவர் எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும், எதை எல்லாம் சாப்பிடக் கூடாது என்பதை. "வர்ற செவ்வாக்கெழம வராம இருந்துடாதீங்கம்மா" என்றார் பெரிய டீச்சர். நான் பள்ளியை விட்டுப் போகும்வரை ஒரு செவ்வாய்கூடத் தவறாமல் அவர்கள் வந்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் கதையை நான்தான் சொன்னேன். என் பங்கைக் கொஞ்சம் கூட்டியும், முப்பது ஊசி விஷயத்தை மொத்தமாகக் குறைத்தும். சித்தி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பா கண்டக்டர் விசிலை எடுத்து ஊதினார். அம்மா மட்டும் உள்ளே போய், கூடையோடு கத்தரிக்காய்களைக் கொண்டுவந்து சித்தியின் முன்னால் வைத்தாள். "எல்லாத்தையும் குத்திக்கோடி" என்றாள். பிறகு ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எங்க, எனுக்கு ஒருவாட்டி குடு" என்று ஸ்டெதாஸ்கோப்பை வாங்கினாள்.

சித்தி சொல்லிக்கொடுக்க வாயெடுத்தாள். அதற்குள் அம்மா தானே அதைச் சரியாகக் காதில் மாட்டி, தகட்டைச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அடுப்பில் குழம்பு பொங்கிக்கொண்டிருந்தது. நான், "அம்மா, போதும் குடு, எனுக்கு வேணும்" என்று நச்சரித்துப் பிடுங்கிக்கொண்டேன். ஜெயித்த நாளில் எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கோபமாகக்கூட இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அதே நர்சிங் பள்ளியின் விண்ணப்பத்தை வாங்கி நிரப்பி, கையெழுத்துக்காகத் தாத்தாவிடம் அம்மாவும் நீட்டியிருக்கிறாள்; அவர் அதை அடுப்பில் போட்டிருக்கிறார். நான் பிளஸ் டூ முடித்து நர்சிங் விண்ணப்பம் வாங்கிவந்த அன்றுதான் சித்தி இதைச் சொன்னாள். அப்போதுதான் நினைத்தேன், அன்றைக்கு இன்னும் கொஞ்சநேரம் அம்மாவைக் கேட்க விட்டிருக்கலாம்.