அப்பா பெயரில் இரண்டு பேர்

எங்கள் அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போனவர். கதைப் புத்தகம் இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. அவர் பெயர்தான் இன்று இரண்டு வகைப் புத்தகங்களின் அட்டையில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் அக்காவும் நானும் எங்கள் பெயருக்குப் பின்னால் அவர் பெயரையே வைத்துக்கொண்டோம். அக்கா குழந்தைகளுக்குக் கதை எழுதினாள். நான் நாவல் எழுதுகிறேன்.

எங்களைக் குழப்பிக்கொள்ளாத ஆளில்லை. அவள் என்று நினைத்து என்னைப் பள்ளிக்கூட விழாவுக்குக் கூப்பிடுவார்கள். நான் பேச ஆரம்பித்ததும் டீச்சர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். வீட்டுக்கு வந்து சொன்னால் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். என் நாவலில் ஒருத்தரும் கடைசிப் பக்கம்வரை உயிரோடு வந்து சேர்வதில்லை என்று கிண்டல் வேறு.

அவளுடைய கடைசிப் புத்தகத்தில் ஓர் ஆட்டுக்குட்டி தெரியாத்தனமாகப் பேரணாம்பட்டு பஸ்ஸில் ஏறிவிடும். கதை அதோடு நிற்கும். மீதியை அடுத்த புத்தகத்தில் எழுதுவதாக இருந்தாள். அதற்குள் புற்றுநோய் வந்து அவளை வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திவிட்டது. மீதிக் கதையைச் சொன்னால் நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

"நீ எழுதாதடி. நீ எழுதினா குட்டிய சாவடிச்சுடுவே. நானே வந்து எழுதுறேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் வீடு திரும்பவில்லை.

இந்த வருடம் வேலூர் புத்தகக் கண்காட்சியில் என் நாவல்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு சிறுமி அம்மா கையை விட்டுவிட்டு ஓடிவந்து அக்காவின் அந்தக் கடைசிப் புத்தகத்தை நீட்டினாள். அதிலிருந்த அப்பா பெயரையும் என் நாவலில் இருந்ததையும் விரலால் தொட்டுக் காட்டி, எழுதியது நான்தானே என்று கேட்டாள். இல்லை, என் அக்கா எழுதியது, அவள் செத்துப்போய்விட்டாள் என்றேன்.

சிறுமி புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"அந்தக் குட்டி வீட்டுக்குப் போய்டுச்சா ஆன்ட்டி?"

எழுத்தில் எத்தனையோ பேரைக் கொன்றவள் நான். இந்தக் குட்டி போகவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "போய்டுச்சும்மா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "எப்படிப் போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அக்கா அதைக் கடைசிவரை என்னிடம் சொல்லவே இல்லை.