பிரேக் வாத்தியார் தாண்டிய சிவப்பு விளக்கு

பிரேக் வாத்தியார் சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டார் என்ற செய்தி, அவர் வீடு வந்து சேரும் முன்பே தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் மனிதருக்குப் பிழைப்பு. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று அவர் போடும் சத்தத்துக்குத் தெருநாய்கூட நின்றுவிடும். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

அன்று மனைவியோடு சொந்தக் காரில் போனார். சிவப்பு விழுந்தது. பழக்கதோஷம், "பிரேக்! பிரேக்!" என்று கத்தினார். ஓட்டுவது தான்தான் என்பது அடியோடு மறந்துபோயிற்று. யாரோ மிதிப்பார்கள் என்று அவர் காத்திருக்க, வண்டி சந்திப்பைக் கடந்து போக்குவரத்துக் காவலர் முன்னால்தான் போய் நின்றது.

அபராதம் கிடக்கட்டும். நீதிமன்றம் மனசு வைக்காவிட்டால் கற்றுக்கொடுக்கும் உரிமம் ஒரு வருஷத்துக்குப் போய்விடும். அதை நினைத்தால் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"வக்கீல் வைக்கலாங்க" என்றாள் மனைவி.

"வக்கீல்கிட்ட நடந்ததைச் சொல்லணுமேடி. மானம் போயிடும்."

"அது அன்னிக்கே சிக்னலைத் தாண்டிப் போயிடுச்சு. எழுந்திரிங்க."

கதையைக் கேட்ட வக்கீலம்மா, சிரிப்பை அடக்க ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். "மஞ்சள் விளக்குதான் எரிஞ்சுதுன்னு சொல்லிடுவோம். கேஸ் நிக்காது. வாங்க, இடத்தை ஒரு தடவை பாத்துடலாம்."

வக்கீலம்மாவின் காரிலேயே போனார்கள்; அவரே ஓட்டினார். அதே சந்திப்பில் மஞ்சள் விழுந்தது. வக்கீலம்மா வேகத்தைக் கூட்டினார்.

"பிரேக்!"

வக்கீலம்மாவின் கால் அவரைக் கேட்காமலே மிதித்தது. வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது. குறுக்கே ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது.

"மஞ்சள்னு நான் சொல்ல மாட்டேம்மா" என்றார் வாத்தியார், மூச்சு வந்ததும். "மஞ்சளைப் பாத்தா நில்லுன்னு கத்திக் கத்தியே என் தொண்டை போச்சு."

வக்கீலம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப உங்களுக்கு நான் எதுக்கு சார்? உண்மையையே சொல்லுங்க. இப்படி ஒரு காரணத்தை யாராலயும் இட்டுக்கட்ட முடியாது. நம்பலைன்னா, இப்பக் கத்துனீங்களே, அதை அப்படியே கத்திக் காட்டுங்க."

வக்கீல் இல்லாமல் வாத்தியார் தனியாகவே நீதிமன்றத்தில் நின்றார். தப்பை ஒத்துக்கொண்டு, நடந்ததை அப்படியே சொன்னார். நீதிபதி நம்பாமல் பார்த்தார். வேறு வழியில்லாமல் வாத்தியார் கத்திக் காட்டினார். தேநீர்த் தட்டோடு குறுக்கே போன பணியாளர் காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். அதைப் பார்த்து நீதிபதி விழுந்து விழுந்து சிரித்தார்.

"அபராதத்தைக் கட்டிடுங்க. உரிமம் இருக்கட்டும். ஆனா சொந்தக் கார்ல இனிமே கத்தாதீங்க."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பும் வழியில் அதே சந்திப்பு, அதே சிவப்பு. அவர் உதட்டை இறுகக் கடித்துக்கொண்டார்.

"பிரேக்!" என்று கத்தினாள் மனைவி.

வாத்தியார் மிதித்தார். அன்று முதல் அந்தக் காரில் கத்துவது அவள் வேலை.