இல்லாத துறைமுகத்துக்கு ஒரு கைடு

கைடு வேலையில, இருக்கிறதைக் காட்டுறவங்க எப்படியோ பொழைச்சுக்குவாங்க. இல்லாததைக் காட்டுற என் பாடுதான் பெரும்பாடு. வாயை மட்டுமே நம்பிப் பொழைக்கிற சக ஜீவன்களே, உங்களுக்கு இது புரியும். காலையில காஞ்சிபுரத்துக் கோயில்கள், மத்தியானம் பட்டுக்கடை, சாயங்காலம் மாமல்லபுரம். இதுதான் எங்க வேனோட பாதை. கடைசியில, பல்லவர் காலத்துக் கப்பற்படை கிளம்பின துறைமுகத்தை நான் காட்டணும். அங்க இருக்கிறது மணலும் கடலும்தான்.

கமிஷன் பயம்

காஞ்சிபுரத்துல ஆட்டோ ஏறினவங்களுக்குத் தெரியும், எந்தக் கோயிலுக்குக் கிளம்பினாலும் வண்டி கமிஷனுக்காக ஒரு பட்டுக்கடை வாசல்ல போய் நிக்கும். எங்க வேனும் அப்படித்தான். அன்னைக்கு வந்த கோயம்புத்தூர்க்காரர் ஒரே நாள்ல மூணு கடை பார்த்து நொந்து போயிருந்தார். "வாங்க சார், துறைமுகம் பார்க்கலாம்"னேன். வேன் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். ராஜா, கப்பல், படைன்னு கெஞ்சிப் பார்த்தேன். ஊஹும். "ஏனுங்க, அங்கயும் ஒரு சேலைய விரிச்சுக் காட்டுவீங்க, எனக்குத் தெரியாதுங்களா?"

ஒரு கல்லாவது காட்டு

ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கையில நோட்டோட வந்தார். கப்பல் கட்டிப்போட்ட இடம் எது, தூண் எது, கல்லு எது? "கடல் கொண்டு போயிருக்கும், இல்லன்னா மணல் மூடியிருக்கும் சார்"னேன். நெசத்தைச் சொன்னா யார் நம்புறா? ஊருக்குப் போனதும் 'வெறும் மணலைக் காட்டி ஏமாற்றுகிறார்கள்'னு எங்க டிராவல்ஸுக்குப் புகார் எழுதிப் போட்டுட்டார்.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. லைப்ரரியில உக்காந்து தேடித் தேடிப் படிச்ச கதை அது. அதைச் சொல்ற அரைமணி நேரத்துக்காகத்தான் மீதி நாள் பூரா தொண்டை கிழியக் கத்துறேன். எங்க டிராவல்ஸ் முதலாளி திட்டக்கூட இல்ல, டீ வாங்கிக் குடுத்துட்டு சொன்னார்: "இன்னொரு புகார் வந்துதுன்னா துறைமுகத்த எடுத்துட்டு ஷாப்பிங் போட்டுடுவேன்மா, கோச்சுக்காத."

ஐயம்பேட்டை அக்கா

அடுத்த டிரிப்புக்கு முதலாளியே கூட வந்துட்டார். வந்தவங்க ஐயம்பேட்டையில தறி நெய்யிற பொம்பளைங்க பதினஞ்சு பேர். சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரையில அவங்களை இறக்கி நிக்க வெச்சேன். மூச்சு விடாம சொன்னேன்: இங்கருந்துதான் இலங்கைக்குப் படை போச்சு, முதல் தடவை ஜெயிக்காம திரும்பி வந்துடுச்சு, ராஜா விடல, மறுபடியும் அனுப்பினார், ஜெயிச்சாங்க! அந்த இடத்துல குரலை உசத்துறது என் வழக்கம்.

யாரும் கைதட்டல. மல்லிகான்னு ஒரு அக்கா கடலையே பார்த்துக்கினு நின்னாங்க. அவங்க மகன் நேவியில இருக்கான், கப்பல் கிளம்பி இருபது நாளா போனே இல்லன்னு பக்கத்துல இருந்தவங்க என் காதுல சொன்னாங்க. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு எனக்கு. "மன்னிச்சுடுங்கக்கா"ன்னு கிட்டப் போனேன். என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கினாங்க. "ஜெயிச்சத அப்பறம் சொல்லும்மா. மொதல்ல போனவங்க அத்தினி பேரும் வூட்டுக்குத் திரும்பி வந்தாங்கல்ல, அத இன்னொரு தபா சொல்லு."

அத்தனை பேரும் வந்தாங்கன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல, ஆனாலும் சொன்னேன். முதலாளி அதுக்கப்புறம் ஷாப்பிங் பேச்சையே எடுக்கல, பத்து நாள் கழிச்சு "புள்ள பேசிட்டாம்மா"ன்னு மல்லிகா அக்கா போன் பண்ணினப்போ என் துறைமுகத்துக்கும் ஒரு வழியா ஒரு கப்பல் வந்து சேர்ந்துச்சு.