பாவாவின் புகை டிரம்

மொட்டைமாடியில் நிற்கும் அந்த டிரம்மின் கதவுக்குக் கைப்பிடி ஒரு பழைய சைக்கிள் பெடல். ஊரில் நல்ல கைப்பிடியே கிடைக்கவில்லையா என்று நான் கேட்டதற்கு, "இரும்புப் புடி சுடும் பாப்பா. பெடல்ல ரப்பர் கீது, சுடாது" என்றார் பாவா. அவர் என் அக்காவின் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவோம். சுடாதது சரி, ஆனால் பெடல் பெடலாகத்தானே இருக்கும்? கதவை இழுக்கும்போதெல்லாம் அது கைக்குள் சுழன்று நழுவும், கதவு பட்டென்று சாத்திக்கொள்ளும். அதை ஒரு குறையாக அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. போன வாரம் அவருடைய முதல் வருஷப் படையலுக்குச் சமைக்க அக்கா அந்தப் பெடலைப் பிடித்து இழுத்தாள். அது வழக்கம்போல நழுவியது. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துவிட்டோம். பாவா போன பிறகு அக்கா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அக்காவின் மூக்கைப் பற்றிச் சொல்லாமல் டிரம்மைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்களுக்கு அம்மையார்குப்பம், நெசவுக் குடும்பம். அக்காவைத் திருத்தணியில் மலையடிவாரத் தெருவில் கொடுத்த பிறகு, ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவள் வீடுதான் இறங்குமிடம். அன்று சாமிக்குப் படைக்கும் முன்னால் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது, வைத்தால் எச்சில். அத்தனை பேருக்குப் பொங்கலும் சாம்பாரும் பொங்கிவிட்டு உப்பைப் பார்க்காமல் எப்படி இறக்குவது? அக்கா குனிந்து, கொதிக்கும் ஆவியைக் கையால் முகத்துக்கு வாரிக்கொள்வாள். "ஒரு கை போடு" என்பாள், இல்லையென்றால் "போதும், எறக்கு" என்பாள். ஒரு தரமும் தப்பியதில்லை. "உப்புக்கு இன்னாமே வாசன? எவனாவது கேட்டா சிரிப்பான்" என்று பாவா கேலி செய்வார். செய்துவிட்டு மூன்றாவது தடவை சாம்பார் ஊற்றச் சொல்வார்.

கொரோனா வந்தபோது எங்கள் எல்லோருக்கும்தான் மூக்கு அடைத்தது. எங்களுக்கு வாசனையும் ருசியும் திரும்பி வந்தன, அக்காவுக்கு மட்டும் வரவில்லை. காப்பி அவளுக்கு வெந்நீராகிவிட்டது. மல்லிகையைத் தலையில் வைத்துக்கொண்டு, "கடதாசிப் பூ வெச்ச மாதிரி கீதுடி" என்பாள். கால் வலி என்றால் பார்ப்பவர்கள் எல்லாம் நின்று விசாரிப்பார்கள். மூக்கில் வாசனை வரவில்லை என்று சொன்னால் யார் விசாரிப்பார்கள்? நானே ஆரம்பத்தில், அதனால் இப்போது என்ன குறைந்துவிட்டது என்று நினைத்தவள்தான். பால் தீய்ந்து பாத்திரம் கறுப்பாகும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒரு சாயங்காலம் பாவா அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். அங்கே இஞ்சின் ஷெட்டில் அவர் வெல்டர். வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே முழுக்க கேஸ். திருகு திறந்து கிடக்க, அக்கா நடுவீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். பாவா ஜன்னலையெல்லாம் திறந்தார். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் வைத்தார். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அவர் எதிரில் வந்து நின்று, "இனிமே நான் அடுப்பாண்ட போவலீங்க. ஆடிக்கிருத்திகைக்கு ஓட்டல்ல சொல்லிடுங்க" என்றாள். சாமிக்குப் படைப்பதை ஓட்டலில் வாங்கச் சொல்கிறாள், அதுவும் இவள். நான் பக்கத்துத் தெருவில் இருந்த என் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடி வந்திருந்தேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரிடம் கூட்டிப் போனதில், பழகிய வாசனைகளைத் தினமும் முகர்ந்து பாருங்கள், வரலாம், வராமலும் போகலாம் என்றார். மற்ற ஆண்களாக இருந்தால் ஒரு எலுமிச்சம்பழத்தையும் கிராம்பையும் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். பாவா செல்போனில் எந்த நாட்டுக்காரனோ கறியைப் புகை போட்டுச் சமைப்பதைப் பார்த்துவிட்டார். "காது கேக்காதவங்ககிட்ட இன்னா பண்றோம்? சத்தமா பேசறோம் இல்ல? மூக்குக்கும் சத்தமா ஒண்ணு வேணும் பாப்பா" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு எண்ணெய் டிரம் ஆட்டோவில் வந்து இறங்கியது. அதை நாலு தரம் உள்ளே நெருப்புப் போட்டு எரித்தார், தேய்த்தார், கதவு வெட்டினார். அடியில் விறகுக்கு ஒரு தட்டு, நடுவில் இரண்டு கம்பி வலை, மேலே புகை போக ஓட்டை. அதுவரை வெந்நீர்கூட வைத்து அறியாத மனுஷன்.

அப்புறம் எங்களைச் சனி பிடித்தது. ஞாயிறு என்றால் கோழியும் கெண்டை மீனும். மற்ற நாளில் முட்டை, பன்னீர், பலாக்கொட்டை, வேர்க்கடலை. தக்காளியைப் புகையில் வாட்டி அதில் ரசம் வைத்தார், அது அமிர்தம். ஒரு கிண்ணம் தயிரைக் கடைசித் தணலில் கொஞ்ச நேரம் உள்ளே வைத்து எடுப்பார், அதற்கு இன்றைக்கும் எனக்கு நாக்கு ஊறுகிறது. இட்லியைப் புகை போட்டதை நாய்கூடத் தொடவில்லை. கொய்யா விறகு, புளிய விறகு, கொட்டாங்குச்சி, ஜூஸ் கடைக் கரும்புச் சக்கை என்று மாற்றி மாற்றிப் போடுவார். ஒரு தடவை வேப்பங்கட்டையைப் போட்டுவிட்டார். அந்தக் கோழி கஷாயத்தில் ஊறியது மாதிரி கசந்தது. நாங்கள் துப்பிக்கொண்டிருக்க, அக்கா மட்டும் முகம் மாறாமல் தின்றுகொண்டிருந்தாள். பாவா அதைப் பார்த்தார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

ஆனாலும் விடவில்லை. அதற்கு ஒரு சட்டமும் போட்டிருந்தார். உள்ளே என்ன வைத்தார் என்று யாரும் சொல்லக் கூடாது. வெந்ததும் அக்காவைக் கூப்பிட்டு, கண்ணை மூடச் சொல்லி, கதவைத் திறந்து, "இன்னாமே இது, சொல்லு பாக்கலாம்" என்பார். அக்கா முகத்தைக் காட்டிவிட்டு, "சூடு தெரியுதுங்க" என்பாள். "ஆங், பரவால்ல, நாளைக்கு வரும்" என்பார். ஒவ்வொரு நாளும் இதுதான். அவர் கைப் பக்குவத்தில் ஒரே குறை உப்பு. பி.பி. மாத்திரை போடுகிறவர், உப்பைக் கண்டாலே அவர் கை பின்னால் போய்விடும். எங்களுக்கும் சேர்த்துத்தான் பத்தியம். நான் ஊறுகாய் பாட்டிலோடுதான் மாடி ஏறுவேன்.

ஆடிக்கு முந்தைய மாதக் கிருத்திகை அன்று அது நடந்தது. அன்று கறி கிடையாது என்பதால் பாவா வேறு எதையோ டிரம்மில் வைத்திருந்தார். நான் மாடியில் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன், அக்கா கீழே துணி மடித்துக்கொண்டிருந்தாள். பின்வீட்டு அம்மா தன் மாடிச் சுவரோரம் வந்து நின்றார். விரதக்காரர், நியாயமாகவே கோபம். "இன்னா சார் இது, கிருத்திகையும் அதுவுமா மலைக்குக் கீழ கோழி சுட்டுகினு கீறீங்க? நல்லா கீதா உங்களுக்கே?" என்று பிடித்துக்கொண்டார். பாவா பயந்துபோய், கோழி இல்லை அம்மா, சத்தியமாக இல்லை என்கிறார். அந்த அம்மா, எனக்கென்ன மூக்கில்லையா என்கிறார். சத்தம் கேட்டு அக்கா மாடிப்படி ஏறி வந்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது. மேல் ஓட்டை வழியாகத்தான் புகை வந்துகொண்டிருந்தது. அவள் அந்தப் புகைக்குள் நடந்து வந்து, சமாதானமாகச் சொன்னாள்:

"கோவிச்சிக்காதீங்க. நீங்க சொல்றது போன ஞாயித்துக்கெழம கோழிங்க, டிரம்முல ஒட்டிகினு கீது. உள்ள இப்ப வேவறது கத்திரிக்கா. அதுல உப்பே பத்தல."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. கையை வாயில் பொத்திக்கொண்டாள். பாவா பெடலைப் பிடித்து இழுத்தார், நழுவியது, மறுபடி இழுத்தார். உள்ளே கத்திரிக்காய்தான். அவர் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பின்வீட்டு அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் சுவரோரம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாவும் சேர்ந்து அழுதார். அப்புறம் அந்தக் கத்திரிக்காயை மசித்து ஆளுக்கொரு வாய் தின்றோம், உப்பில்லாமலே.

ஒரே நாளில் எல்லாம் திரும்பிவிடவில்லை. காப்பி ரொம்ப நாள் அவளுக்கு ரப்பர் எரிகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த ஆடிக்கிருத்திகைக்கு ஓட்டலில் யாரும் சொல்லவில்லை. காவடிக்காரர்கள் நிறைந்த வீட்டில் அக்கா பொங்கல் பானைமேல் குனிந்தாள். பாவா அடுப்படி வாசலில், பரீட்சை எழுதும் பிள்ளைக்கு வெளியே நிற்கும் அப்பனைப் போல நின்றார். "ஒரு கை போடு" என்றாள் அக்கா. படைத்து முடித்து எல்லோரும் சாப்பிட்டபோது யாரும் எதுவும் சொல்லவில்லை, அவ்வளவு சரியாக இருந்தது. "உப்புக்கும் வாசன கீதுமே, ஒத்துக்கறேன்" என்றார் பாவா.

போன மார்கழியில் ரயிலுக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

எங்களில், போனவர்களுக்குப் படையல் போடும்போதும் யாரும் ருசி பார்ப்பதில்லை. அவர்தான் முதலில் சாப்பிட வேண்டும். போன வாரம் அவருக்குப் பிடித்ததையெல்லாம் அக்கா டிரம்மிலேயே வைத்தாள். கொய்யா விறகில் கோழி, கத்திரிக்காய், கடைசித் தணலில் ஒரு கிண்ணம் தயிர். பக்கத்தில் தக்காளி ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. நான் உப்பு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். அக்கா ரசத்தின் ஆவியைக் கையால் வாரிக்கொண்டாள். டிரம் கதவைத் திறந்து கோழியின் பக்கம் குனிந்தாள்.

"கம்மியாத்தான் கீது" என்றாள்.

நான் டப்பாவை நீட்டினேன். அக்கா என் கையைத் தள்ளிவிட்டாள்.

"வேணாம்டி. அவருக்கு பி.பி. கீது இல்ல."

டப்பாவை மூடிவிட்டேன். பெடல் அவள் கையிலிருந்து நழுவி, கதவு பட்டென்று சாத்திக்கொண்டது.