ரவுண்டாகப் பன்னிரண்டு

என் கணவர் விட்டுச்சென்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தராவிட்டால் விற்றுவிடுவது என்று மகனோடு பேச்சு.

டாங்கை நிரப்பி, டயர்களுக்குக் காற்றடித்து, பத்து நாளாகத் திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் அறுபதைத் தாண்டாமல் ஓட்டினேன். மொத்தம் 244 கிலோமீட்டர். இன்று மீண்டும் நிரப்ப அதே பங்க், அதே பம்ப்.

“தம்பி, தானா நின்னதும் கையை எடுத்துடுங்க. அதுக்கு மேல ஒரு சொட்டுகூட வேணாம்.”

“ஆங், சரிங்கம்மா.”

டக்கென்று நின்றது. நான் மூக்குக்கண்ணாடியை மாட்டுவதற்குள் மறுபடி அழுத்தினார்.

“என்ன செய்றீங்க?”

“ரவுண்டா வரட்டும்னு போட்டுக்கினு இருக்கேன்மா. சில்லறைக்கு யாரு அலையறது?”

“முதல்ல நின்னப்போ எத்தனை லிட்டர்?”

“அதெல்லாம் யாரும்மா பாக்கறாங்க?”

மீட்டரில் 20.7. வகுத்தால் 11.8. அவர் கூடுதலாக ஊற்றியது எவ்வளவு என்பது மலைமேல் இருக்கும் முருகனுக்கே வெளிச்சம்.

போன் அடித்தது. மகன்.

“எவ்ளோம்மா வந்துச்சு? வண்டி வாங்கறவரு பக்கத்துலயே இருக்காரு.”

“பன்னிரண்டு,” என்றேன்.

கான்வென்டில் தசமப் புள்ளியை விட்டதற்காக முட்டிபோட்டவள் நான். அதன்பின் இன்றுதான் விட்டிருக்கிறேன். பங்க்காரர் ரவுண்டாக்கலாம், நான் கூடாதா? கணக்கு ஆசிரியர்கள் கீழே கமென்ட்டில் தாராளமாகத் திட்டலாம். மகன் இந்தப் பக்கம் வருவதில்லை.