மைக்கில் சொன்ன துட்டி

டி.வி. செய்தியில் அடிக்கடி பார்க்கிறேன். எங்கோ ஒரு நாட்டில் எவனோ ஒரு கொடியவன் செத்துப்போகிறான். அவனிடம் அடிபட்ட ஜனங்கள் தெருவில் இறங்கி வெடி போடுகிறார்கள், ஒருவர் வாயில் ஒருவர் இனிப்பைத் திணிக்கிறார்கள். என் மகள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "ஒரு மனுஷன் சாவுக்கு இப்பிடியாம்மா குதிப்பாங்க?" என்று கேட்கிறாள். மனிதாபிமானம் அவளுக்கு நிறைய உண்டு. இன்னும் யாரும் அவள்மேல் மனு போடவில்லை. எனக்குத் தோன்றுவது வேறு. அந்த ஊர்க்காரர்களுக்கு இன்றைக்குக் கோயில் கொடைத் திருவிழா ஒன்றும் இல்லை போலிருக்கிறது, அதுதான் இவ்வளவு தைரியம் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் எதிரி அடுத்த வீட்டில் இருந்தார். நடுவில் ஒரு சுவர்தான். என் வீட்டுக்காரருக்குச் சொக்காரர், அதாவது பங்காளி. எங்கள் ஊரில் சொக்காரன் அல்லாத ஒருவன் எதிரியாக வேண்டுமென்றால் ரொம்ப மெனக்கெட வேண்டும். முறைக்கு எனக்கு அத்தான். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் சிலர் தோட்டம் போடுவார்கள், சிலர் காசிக்குப் போவார்கள். இவர் மனு எழுதினார்.

எங்கள் பலாமரத்துக் கிளை அவர் வீட்டு ஓட்டின்மேல் நிழல் போடுகிறது என்று ஒரு மனு. டீக்கடை பெஞ்சு பொது வழியை ஆக்கிரமிக்கிறது என்று ஒரு மனு. நான் ஆசிரியை. வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி வேலைக்குப் போகிறவள். மழைக்காலத்தில் சில நாள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனேன் என்று என்மேல் ஒரு மனு. பஸ் தாமதமாக வந்தால் பஸ்மேல் அல்லவா மனு போட வேண்டும்? மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு விசாரித்தபோது அந்தக் காகிதத்தைக் காட்டினார். கோபத்திலும் ஒன்றைக் கவனித்தேன், என்ன கையெழுத்து! என் மாணவர்களில் ஒருவனுக்கும் அப்படி வராது.

அதே கையெழுத்தால்தான் எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு விதவை பென்ஷன் வந்தது. பட்டா மாற்றம், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் அவர்தான் எழுதிக்கொடுப்பார். அதற்குக் கூலியாக ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டார். குடித்தால் பிறகு அந்த ஆள்மேலேயே மனு போடும்போது கை கூசும் என்று நினைத்தாரோ என்னவோ.

இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாமல் போனது கொடை விஷயத்தில். எங்கள் அம்மன் கோயிலில் வருடத்துக்கு ஒரு தடவை கொடை, அதுதான் எங்களுக்குத் திருவிழா. அன்றைக்கு உச்சி பூசை முடிந்ததும் முதல் பரிவட்டம் ஒருவர் தலையில் கட்டப்படும். பரிவட்டம் என்றால் ஒரு துண்டுத் துணி, அவ்வளவுதான். அது மூத்த கிளைக்காரனான தனக்கு வர வேண்டும் என்றார் அவர். கமிட்டித் தலைவருக்குத்தான் என்றது கமிட்டி. கமிட்டித் தலைவர் என் வீட்டுக்காரர். அத்தான் கோர்ட்டுக்குப் போனார், தடை வாங்கினார், கொடை நின்றது. ஒரு வருடம் அல்ல, பல வருடம்.

கொடை நின்ற ஊரில் எந்தக் குறை வந்தாலும் அவர் தலையில்தான் விடிந்தது. கல்யாணம் தட்டினால் அவர். மழை பெய்யாவிட்டால் அவர், அதிகமாகப் பெய்து பயிர் சாய்ந்தாலும் அவர். நேர்ச்சைகளை மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் செலுத்தினோம். அங்கே நின்றுகொண்டு நான் வேண்டிக்கொண்டதை மறைக்கவில்லை: "தாயே, அந்த ஆளுக்கு நல்ல புத்தியைக் கொடு. கொடுக்க வசதிப்படவில்லை என்றால் கூட்டிக்கொண்டு போய்விடு."

அம்மன் இரண்டாவதை எடுத்துக்கொண்டாள் போல. கொடை நடத்தலாம் என்று கோர்ட்டில் உத்தரவானபோது அத்தான் படுத்த படுக்கையாகிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கும். இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் யார் வில்லுப்பாட்டு, யார் மேளம் என்று போனில் பேசிக்கொண்டிருப்பார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லாததால் நான் போய்ப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கொடை. கேரளத்திலிருந்து சிங்காரி மேளக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். தெருவை அடைத்துப் பந்தல், பந்தலுக்கு முன்னால் விளக்கு வைத்த வளைவு. அம்மன் வந்து இறங்கும் கோமரத்தாடி குளித்து, சிவப்புப் பட்டு கட்டி, சலங்கையோடு தயாராக நின்றார். நாங்கள் பெண்கள் கோயில் முற்றத்தில் ஊர்ச் சாப்பாட்டுக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தோம். எல்லோர் தலையிலும் தோவாளைப் பூ. பல வருடம் கழித்துக் கிடைத்த நாள் என்பதால் சண்டைக்காரிகள் கூட ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது வளைவுக்கு முன்னால் ஒரு வண்டி வந்து நின்றது. ஓட்டிவந்தவர் தலையை நீட்டி, "அண்ணாச்சி, ஐஸ் பெட்டி கொண்டு வந்திருக்கேன். இந்த வீடு எது?" என்று போனைக் காட்டினார். செத்தவர்களைக் கிடத்துகிற ஐஸ் பெட்டி. வாய்க்கால் கரை வழியாகப் பின்வாசலுக்கு வரச் சொல்லியிருந்தார்களாம். பாவம், போன் காட்டிய வழியில் நேராகப் பந்தலுக்கே வந்துவிட்டார்.

நம் இளைஞர்கள் போனில் இருந்த பெயரைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்கள் காட்டிய மரியாதையைச் சொல்ல வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து அந்த விளக்கு வளைவைத் தூக்கிப் பிடித்து வண்டிக்கு வழிவிட்டார்கள். அவர் உயிரோடு இருந்த காலத்தில் இந்த ஊரில் யாரும் அவருக்கு இப்படி ஒரு வரவேற்பு கொடுத்ததில்லை.

வண்டி உள்ளே போனதும் உச்சி பூசைக்கு வைத்திருந்த சரவெடியை எடுத்துக் கொளுத்தினார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவன் வில்லுப்பாட்டு மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தான். "ஊர் மக்களுக்கு ஒரு சந்தோச அறிவிப்பு. நம்ம கொடையை நிறுத்துன ஆளை அம்மனே நிறுத்திட்டா!" என்றான். மேளக்காரர்களுக்கு விஷயம் புரியவில்லை. ஆனால் வெடி போட்டால் அடிக்க வேண்டும் என்று தெரியும், அடித்தார்கள்.

நான் சிரித்தேன். பூசணிக்காயையும் கத்தியையும் கீழே வைத்துவிட்டு நன்றாகவே சிரித்தேன். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை. பக்கத்தில் இருந்தவள், "பாயசத்துக்கு இன்னும் ரெண்டு அச்சு சர்க்கரை போடுவோமாக்கா?" என்று கேட்டாள். போடு என்றேன். சிரித்து முடித்துவிட்டு மறுபடி கத்தியை எடுத்தேன்.

முதலில் முகம் மாறியது கோமரத்தாடிக்குத்தான். அவரும் செத்தவருக்குச் சொக்காரர். காலில் இருந்த சலங்கையைக் குனிந்து கழற்ற ஆரம்பித்தார்.

"என்ன வேய், என்ன செய்யேரு?" என்று என் வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"துட்டி காதுல விழுந்தாச்சு. இனி நான் கோயிலுக்குள்ள கால் வைக்க முடியாது" என்றார் அவர்.

துட்டி என்றால் சாவு. ஊர் எல்லைக்குள் துட்டி விழுந்தால் அம்மனுக்கு நடை சாத்த வேண்டும். சொக்காரர்களுக்கோ தீட்டு, பதினாறு கழியும்வரை கோயில் பக்கம் போகக் கூடாது. ஆனால் எங்கள் முன்னோர்கள் விவரமானவர்கள், அதில் ஒரு சந்து விட்டுவைத்திருந்தார்கள். காதில் விழுந்தால்தான் தீட்டு. கல்யாணமோ கொடையோ நடக்கும்போது ஒரு வீட்டில் உயிர் போனால் அந்த வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டு வாயை அடைத்துக்கொள்வார்கள். ஊரும் அந்த வீட்டுப் பக்கம் பார்க்காது. எல்லாம் முடிந்தபிறகு அப்போதுதான் செத்தது போல அழுகை கிளம்பும். இது எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. அந்த ஐஸ் பெட்டியைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்திருந்தால் போதும்.

என் வீட்டுக்காரர் விடவில்லை. "வெடிச் சத்தத்துல யாருக்கு வேய் தெளிவா கேட்டுது?" என்றார்.

"நான் மைக் குழாய்க்குக் கீழதானே நின்னேன்" என்றார் கோமரத்தாடி.

"துக்கமே இல்லாத சாவுக்கு என்னத்த தீட்டு?" என்று மேடையில் நின்றவன் ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பினான். அத்தான் உயிரோடு இருந்தால் இதை வைத்தே பத்துப் பக்கம் எழுதியிருப்பார்.

"ஏலே, நீ சிரிச்சாலும் அவன் உனக்குச் சொக்காரன்தான். போய்க் குளி" என்றார் கோமரத்தாடி. சிவப்புப் பட்டை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, வேறு வேட்டி கட்டிக்கொண்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். நடை சாத்தப்பட்டது. மைக்கில் சொன்னது அம்மனுக்கே கேட்டிருக்கும், பிறகு யாரை ஏமாற்ற? கொண்டாடிய ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அவருக்குத் தீட்டு காக்க வேண்டிய சொக்காரர்கள். வெடி கொளுத்திய கையாலேயே கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுதார். பார்த்தவர்கள் பங்காளிக்காக அழுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

அடுப்பில் இருந்த சோற்றை என்ன செய்வது? துட்டி வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, வருகிறவர்களுக்கு ஊர்தான் சோறு போட வேண்டும். கொடைக்கு வெட்டிய பூசணிக்காய் அவர் சாவுக்கு வந்தவர்களுக்குக் கூட்டாயிற்று. பாயசத்தை மட்டும் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மேளக்காரர்கள் குடித்துவிட்டு வண்டி ஏறினார்கள்.

துட்டி கேட்கப் பெண்கள் கிளம்பினோம். அடுத்த வீட்டுக்காரி நான் போகாமல் இருக்க முடியாது. போகிற வழியில் தலைப்பூவைப் பிய்த்து ஒவ்வொருத்தியாக வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தோம். முகத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. அதற்குத்தான் கோயிலிலிருந்து அந்த வீட்டுக்கு இருக்கும் தூரம் போதவில்லை.

உள்ளே ஐஸ் பெட்டி விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் மகள் ஒரு மூலையில் நின்றாள். அக்கா, அதாவது அத்தானின் பெண்சாதி, பெட்டிக்குப் பக்கத்தில் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பல வருடம் கழித்து அவளிடம் வாய் திறந்தேன்.

"எப்பக்கா?" என்றேன்.

"கிழக்கு வெளுக்கதுக்கு முந்தி" என்றாள்.

"சுவரு பக்கத்துல நான் இருக்கேன். எனக்குக்கூட ஒரு சத்தம் கேக்கலியே."

"கேட்டா கொடை நின்னுரும்லா. அதான் எப்பவும் போல விளக்குமாறை எடுத்து முத்தம் தூத்தேன், தண்ணி தெளிச்சேன். மிக்சியை ஒண்ணும் போடாம வெறுதே ஓட்டினேன், உனக்குச் சந்தேகம் வரப்பிடாதுன்னு."

காலையில் அந்த மிக்சிச் சத்தத்தைக் கேட்டு, புருஷன் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது இவளுக்குச் சட்னி கேட்கிறது என்று நான் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை.

"அவரு சொல்லித்தான் மறைச்சியளாக்கா?" என்று கேட்டேன். கேட்டது தப்பு. அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"அவரா?" என்றாள். "நேத்து சாயங்காலம் சிரிச்சிட்டே சொன்னாரு. 'கோர்ட்டு விட்டாலும் நான் விடமாட்டேன். நாளைக்குப் போயிருவேன், போனா கொடை நிக்கும். கண்ணை மூடின உடனே ஊர்ல சொல்லிரு'ன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினாரு. நானும் செஞ்சு குடுத்தேன்."

அக்கா பெட்டியின் கண்ணாடியைத் தலைப்பால் துடைத்தாள்.

"கெட்டிக்கிட்டு வந்த நாள்ளேருந்து அவரு பேச்சை நான் தட்டினதில்ல. அம்மனுக்குக் கொடை நடக்கட்டும்னு இது ஒண்ணைத் தட்டிப் பாத்தேன். அதுலயும் ஜெயிக்க விடலியே, ஏட்டி. எல்லாரும் சேந்து வெடியும் போட்டு அவரு பக்கம் நின்னுட்டியளே."

வெளியே பந்தலைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் வாசல் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"கொடை நின்னாச்சுல்லா. இனி நான் அழலாம்லா?" என்று என்னிடம் கேட்டாள்.

"அழுங்கக்கா" என்றேன்.