அலைவரிசையை விட்டு விலகவும்

சபையாரே, என் மனைவி எஸ்தர் இன்று உயிரோடிருக்கிறாள். அதற்கு நன்றி கூறவே இதை எழுதுகிறேன். ஆயினும் இந்தச் சாட்சியில் நன்றியோடு கசப்பும் கலந்திருக்கும். கசப்பை வடிகட்டிவிட்டு எழுத இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் அது பொய்யாக ஒலித்தது. ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று நாளாக மழை விடவில்லை. முற்பகல் பதினொன்றரை மணிக்கு, கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் அடுத்த வீட்டுத் தொலைபேசிக்கு எஸ்தர் அழைத்தாள். பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் இருந்த ஒரு சிறு தொடக்கப் பள்ளியில் அவள் ஆசிரியை.

"தண்ணி வகுப்புக்குள்ள வந்துடுச்சுங்க. ஒன்பது பிள்ளைங்க இன்னும் இங்கதான் இருக்காங்க. ரோடு எங்க இருக்குன்னே தெரியல. யாரையாவது வண்டியோட அனுப்பச் சொல்லுங்க. சீக்கிரம்."

அதன்பின் இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தேன்; மணி ஒலிக்கவில்லை. காவல் நிலையத்துக்கு முயன்றேன், அதுவும் ஊமையாகிவிட்டது. பேருந்துகள் காலையிலேயே நின்றுவிட்டன. அந்தப் பள்ளிக்கு மாடி கிடையாது. ஓட்டுக் கூரை வேய்ந்த இரண்டே அறைகள்.

என் வீட்டில் ஒரு வானொலிக் கருவி இருந்தது. நான் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியன்; பேருந்து இல்லாததால் அன்று பணிக்குப் போகவில்லை. ஓய்வு நேரத்தில் அரசின் உரிமம் பெற்று, வீட்டிலிருந்தே வானொலி வழியாக மற்றவர்களோடு பேசும் பழக்கமுடையவன். எங்களைப் போன்றவர்களை ஹாம் என்பார்கள். வண்டலூர் முதல் பல்லாவரம் வரை எழுவர் சேர்ந்து ஒரு குழுவாக இயங்கினோம். மழைக்காலத்தில் காற்றையும் மழையையும் ஏரிகளின் நீர்மட்டத்தையும் கண்காணித்துச் சொல்வோம். தொலைபேசி செயலிழந்தால் அதிகாரிகளுக்குச் செய்தி சுமப்போம். புயல் நாளில் எங்களுள் ஒருவர் அதிகாரிகளின் கட்டுப்பாட்டு அறையிலேயே கருவியோடு அமர்ந்திருப்பார். அவரே நெறியாளர். அவர் அழைத்தால்தான் மற்றவர் பேசலாம். அவர் அமைதி என்றால் அமைதி. இரண்டு குரல்கள் மோதினால் இரண்டுமே கெட்டுவிடும் என்பதால் அந்த விதி ஏற்பட்டது. அதை எழுதியவன் நானே. அதன் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்து எழுதினேன்.

அன்று நெறியாளர் நாற்காலியில் இருந்தவர் ஜெயசீலன். பதினைந்து ஆண்டு நண்பர். நம் சபையின் பாடற்குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று பாடியவர். அவருடைய மகளின் ஞானஸ்நானத்தில் நானே ஞானத் தகப்பன். தந்திக் குறிகளை என் செவிக்குப் பழக்கியவரும் அவரே.

அந்த நாற்காலி ஆண்டுதோறும் எனக்குரியது. அவ்வாண்டு மழைக்காலத்துக்கு முன்பு அவர் என் வீட்டுக்கு வந்து, "அண்ணா, உங்க லைசன்ஸ் ரினியூவல் இன்னும் கைக்கு வரலையே. ஆபீசர் முன்னாடி உக்காந்திருக்கும்போது யாராவது கேட்டா உங்களுக்குத்தான் சங்கடம். இந்த வருஷம் நான் பாத்துக்கறேன், நீங்க நிம்மதியா இருங்க" என்றார். எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன்.

உரிமத்தைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை ஆடி மாதமே அவரிடம் கொடுத்திருந்தேன். நகரத்து அலுவலகத்தில் பணிபுரிந்தவர். போகிற வழியில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். ஒரு வாரம் கழித்து, "கொடுத்துட்டேண்ணா, கவலைய விடுங்க" என்றார். பெற்றுக்கொண்டதற்கான சீட்டை நான் கேட்கவில்லை. அவரிடம் சீட்டுக் கேட்பது அவரை அவமதிப்பதாகும் என்று எண்ணினேன். விண்ணப்பித்தாயிற்று, விடை வரும்வரை பேசலாம் என்பதே எங்கள் எல்லாருடைய புரிதலும்.

கருவியை இயக்கி, என் நிலையத்தின் அழைப்புக் குறியைச் சொல்லி, "அவசரம், அவசரம், அவசரம்" என்றேன். "பள்ளிக்கரணைத் தொடக்கப் பள்ளியில் ஒன்பது பிள்ளைகளும் என் மனைவியும் வெள்ளத்தில் சிக்கியுள்ளனர். ஊர்தி தேவை."

பிறகு ஜெயசீலனின் குரல், தெளிவாகவும் நிதானமாகவும் வந்தது.

"உரிமம் காலாவதியான நிலையம் பேசுகிறது. அலைவரிசையை விட்டு விலகவும். மற்ற நிலையங்கள் விடையளிக்க வேண்டாம்."

அவருக்குக் கேட்கவில்லை போலும் என்று மீண்டும் சொன்னேன். எஸ்தரின் பெயரைச் சொன்னேன். அதே வாசகம் திரும்ப வந்தது, ஒரு சொல்கூட மாறாமல்.

ஒலிவாங்கியைக் கீழே வைத்தேன். விண்ணப்பம் அலுவலகத்தில் இருக்கும்போது, உரிமம் காலாவதியாயிற்று என்று இவர் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்? விண்ணப்பம் அங்கே போய்ச் சேரவில்லை என்று அறிந்த ஒருவரே அவ்வாறு சொல்ல முடியும். அதை அறியக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான்.

மற்ற ஐவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் எனக்கு ஐயமில்லை. கிறிஸ்துமஸ்தோறும் எஸ்தர் செய்யும் அதிரசத்தை உண்டவர்கள் அவர்கள். ஒருவராவது வாய் திறப்பார் என்று காத்திருந்தேன். எவரும் திறக்கவில்லை. விதி அப்படி. நான் எழுதிய விதி.

முழந்தாளிட்டேன். சபையில் ஜெபிக்கும்போது என் சொற்கள் ஒழுங்காக வரும். பலர் அதைப் பாராட்டியதுண்டு. அன்று ஒரு வாக்கியமும் வரவில்லை. மேசை விளிம்பில் நெற்றியை வைத்து, "ஆண்டவரே, யாராவது. யாராவது ஒருவர்" என்று மட்டும் சொன்னேன். எத்தனை முறை சொன்னேனோ தெரியாது.

கருவி கரகரத்தது.

"சார்! சார், அங்க கூவாத சார். அந்தாளு வுட மாட்டான். அப்படியே அஞ்சு கிலோ கீழ எறங்கி வா. நான்தான், பல்லாவரம் தயாளன்."

இவரைப் பற்றி ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லியாக வேண்டும். தயாளன் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பின்னால் டேப் ரெக்கார்டர் பழுது பார்ப்பவர். தம் கையாலேயே வானொலிக் கருவி கட்டி, தேர்வெழுதி உரிமமும் பெற்றவர். முந்தைய ஆண்டு எங்கள் குழுவில் சேர வந்தார். "இன்னா சார், சௌண்டு நல்லா கீதா?" என்று அவர் கேட்ட முதல் கேள்வியே என் செவிக்கு ஒவ்வவில்லை. அதிகாரிகள் கேட்கும் அலைவரிசையில் இந்தப் பேச்சா என்று கருதி, திருத்தமாகப் பேசக் கற்கும்வரை கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுமாறு கடிதம் எழுதினேன். பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்ததும் நானே. "சரி சார். வாய மூடிக்கினு காத மட்டும் தொறந்து வெச்சிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே விலகினார். குழுவில் இல்லாதவராகையால் குழுவின் விதி அவரைக் கட்டுப்படுத்தவில்லை.

அவர் சொன்னபடி ஐந்து கிலோஹெர்ட்ஸ் கீழுள்ள அலைவரிசைக்கு இறங்கினேன்.

"சொல்லு சார். அக்கா எங்க கீது?"

அந்நிலையிலும் என் பழக்கம் என்னை விடவில்லை. "தயாளன், என் உரிமம் குறித்து ஓர் ஐயம் எழுந்துள்ளது..." என்று தொடங்கினேன்.

"அட இன்னா சார் நீ! தண்ணி லைசன்ஸ் பாத்துக்கினா வருது? ஸ்கூலு எங்க? அத்த சொல்லு மொதல்ல."

சொன்னேன். சாலை, திருப்பம், பக்கத்திலிருந்த அரவை ஆலை எல்லாம் சொன்னேன்.

"என் மச்சான் தோல் ஷெட்டுல லாரி ஓட்றான். ஒசரமான வண்டி, தண்ணி ஒண்ணும் பண்ணாது. செட்டையும் பேட்டரியையும் தூக்கிக்கினு நானும் ஏறிக்கிறேன். நீ எங்கியும் போவாத, அங்கியே குந்திக்கினு கேட்டுக்கினு இரு. வரட்டா?"

அப்போது மணி பன்னிரண்டே கால். அடுத்த இரண்டு மணி நேரத்தை நான் கழித்த விதத்தை விவரிக்க விரும்பவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கீழ் அலைவரிசையில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காதபோது மேலே போய்க் கேட்டுவிட்டு வருவேன். அங்கே ஜெயசீலன் மழை அளவுகளை வாசித்துக்கொண்டிருந்தார். செம்மையான உச்சரிப்பு, அளந்த இடைவெளிகள். நான் பழக்கிய தமிழ். அவர் வாய் அடைபட வேண்டுமென்றுகூட வேண்டினேன். மன்னியுங்கள், அதையும் மறைப்பதற்கில்லை.

இரண்டரை மணி இருக்கும். மெலிந்த ஒரு குரல்.

"சார்... கேக்குதா? புளியமரத்துல ஏரியல் கம்பி கட்டிக்கினு பேசறேன். ஒம்போது பசங்களும் லாரில கீறாங்கோ."

"எஸ்தர்?" என்றேன்.

"அக்கா நல்லா கீது. ஏற மாட்டேன்னு ஒரே பேஜாரு சார். அட்டெண்டன்ஸ் நோட்டு உள்ள கீதாம், அத்த எடுத்தாத்தான் வருமாம். நான் போய் எடுத்தாந்தேன். டீச்சர் வூட்ல எல்லாமே இப்படித்தானா சார்? இரு, அக்காவே பேசுது."

சிறிது நேரம் காற்றின் ஒலி. பிறகு அவள்.

"ஏங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். பிள்ளைங்க எல்லாரும் பத்திரம். இந்தத் தம்பி பேச்சை மட்டும் தயவுசெஞ்சு திருத்திடாதீங்க."

சிரித்தேன். பிறகு அழுதேன்.

பின்னர் அவள் சொல்லித்தான் முழுதும் அறிந்தேன். லாரி போய்ச் சேர்ந்தபோது நீர் அவள் இடுப்புக்கு வந்திருந்தது. பிள்ளைகளை மேசைகள் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, எல்லாரிலும் சிறியவளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மாலைக்குள் அந்த அறையின் சன்னல்கள் நீருள் மறைந்தன.

தயாளன் நம் சபையார் அல்லர்; அம்மன் கோயிலுக்குப் போகிறவர். ஆண்டவரே உங்களை அனுப்பினார் என்று நான் சொன்னபோது, "ஆரு அனுப்புனா இன்னா சார், அந்த மழையில லாரி ஸ்டார்ட்டு ஆச்சு பாரு, அதான் பெரிய விசயம்" என்றார். அவருக்கு அது போதும். கேட்டவன் நான்; யார் அனுப்பினார் என்பதை நான் அறிவேன்.

நீர் வடிந்த மறுவாரம் உரிம அலுவலகத்துக்குச் சென்றேன். எழுத்தர் இரண்டு பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு விண்ணப்பம் வரவே இல்லை என்றார். அன்று மாலையே ஜெயசீலன் வீட்டுக்குப் போனேன்.

"மறந்துட்டேண்ணா" என்றார் முதலில். பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். என் உறை, ஒட்டியது ஒட்டியபடியே, துணிகளுக்கு அடியில் இருந்தது. மறந்த பொருளை எவரும் அங்கே வைப்பதில்லை.

"ஒரு வருஷமாவது அந்தச் சேர்ல நான் உக்காரணும்னு இருந்துச்சு. எப்பவும் நீங்கதானே? அண்ணா சொல்றார், அண்ணா எழுதினார்னு எல்லாத்துக்கும் நீங்கதானே?"

"எஸ்தர் தண்ணீரில் நிற்கிறாள் என்று சொன்னேன். உன் காதில் விழுந்ததா?"

தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"விழுந்துச்சு. ஆபீசர் பக்கத்துலயே நின்னுட்டிருந்தார். லைசன்ஸ் இல்லாதவங்களப் பேச விட்டா என்னைத்தான் கேப்பார். அதுவும் இல்லாம, நீங்க எழுதின ரூல்தானேண்ணா?"

விழவில்லை என்று அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யை நான் நம்பியிருப்பேன். நம்பவே அங்கே போனேன். உறையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வீடுவரை நடந்தே வந்திருக்கிறேன், எந்தத் தெரு வழியாக என்பது நினைவில்லை.

விண்ணப்பத்தை நானே வரிசையில் நின்று கொடுத்து உரிமத்தைப் புதுப்பித்தேன். மற்ற ஐவரும் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்து தலைகுனிந்து நின்றார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. விதியைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத அமர்ந்தோம். முதல் வரி எப்படி அமைய வேண்டும் என்று தயாளனைக் கேட்டேன். "மொதல்ல இன்னான்னு கேளு. அப்பால ஆருன்னு கேளு" என்றார். அப்படியே எழுதினேன். ஓர் எழுத்தையும் திருத்தவில்லை. அடுத்த மழைக்காலத்தில் நெறியாளர் நாற்காலியில் அமர்ந்தவர் அவரே. அதிகாரிகளுக்கு அவர் பேச்சு நன்றாகவே விளங்கிற்று.

என்னை அறிந்தவர்கள், நான் மாறியிருப்பதாகச் சொல்கிறார்கள். ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்பதை முன்பு கேட்டேன். என்ன பேசுகிறார் என்பதை இப்போது கேட்கிறேன். அவ்வளவே.

சாட்சி கூறுவோர், தீங்கு செய்தவரை மன்னித்துவிட்டதாகச் சொல்லி முடிப்பது வழக்கம். அந்த வரியை என்னால் இன்னும் எழுத முடியவில்லை. ஜெயசீலன் இன்றும் எனக்கு முன் வரிசையில்தான் அமர்கிறார். திருவிருந்துக்குமுன் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறும் வேளையில் திரும்பிக் கை நீட்டுகிறார். நானும் நீட்டுகிறேன். கைகள் தொட்டுக்கொள்கின்றன, உள்ளே ஒன்றும் அசைவதில்லை. அது அசைய வேண்டுமென்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறேன். ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கேட்டபோதே விடை தந்தவர், இதற்கும் தருவார்.

நம்பியவரால் கைவிடப்பட்டு இதை வாசிப்பவர் இருந்தால், உங்களை வேண்டிக்கொள்கிறேன்: உங்களை விலகச் சொன்னவனுடைய குரலைக் கேட்டதோடு பேச்சை நிறுத்திவிடாதீர்கள். சொல் கிடைக்காவிட்டால் சொல்லில்லாமலே கூப்பிடுங்கள். விடை எவர் வாயிலிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படியே, என் கை நீளும் இடத்துக்கு என் உள்ளமும் நீள வேண்டுமென்று எனக்காக ஒருமுறை ஜெபியுங்கள்.